ஏழு மணிச் செபமும் பாகூர் ஏரிக்கரையும்

வெள்ளிக்கிழமை, காலை 6.10. பெங்களூரு பஸ் நிலையத்திலிருந்து திருவண்ணாமலை வண்டி புறப்பட்டது. பொங்கல் முடிந்த வாரம் என்பதால் கூட்டம் குறைவு. மகள் ரோஸ்லினுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. எங்களிடம் ஒரு பெட்டி, ஒரு தண்ணீர் பாட்டில், என் சட்டைப் பையில் ஜெபமாலை. என் மனசில் ஒரு பொய்.

அந்தப் பொய்யைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. ரோஸ்லினுக்கு வில்லியனூர் பக்கத்து ஊர் ஒன்றில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். ஊர்ப் பெயரைப் போடவேண்டாம் என்று மாப்பிள்ளை ஜெரால்டு கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா ஆரோக்கியமேரி நகையைப் பற்றியோ, சமையலைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்க வூட்ல ஏழு மணியானா எல்லாரும் முழங்கால் போட்டுடுவோம். பொண்ணுக்குத் தமிழ்ல செபம் சொல்லத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும் எங்கள் வீட்டில் தமிழ்ச் செபம்தான்" என்று நான் சொல்லிவிட்டேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இரண்டாம் ஷிப்டில் இருந்தவன். மதியம் இரண்டு மணிக்குப் போனால் திரும்பி வர ராத்திரி பதினொன்று ஆகும். ஷிப்டு படி கூடுதலாகக் கிடைக்கும் என்று நானே கேட்டு வாங்கிய ஷிப்டு அது. ஏழு மணிக்கு என் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஞாயிறுகளில் என் மனைவி செபம் சொல்வாள்; மகள் வாய் திறக்கிறாளா என்று நான் கவனித்ததில்லை. என் மனைவி லூர்துமேரி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதன் பிறகு நானும் மகளும் செய்யும் செபமெல்லாம் அவள் போனில் ஓடும் இங்கிலீஷ் ஜெபமாலைதான். போன் சொல்லும், நாங்கள் பதில் சொல்வோம். ரோஸ்லின் படித்தது இங்கிலீஷும் கன்னடமும். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. குற்றம் அவளுடையது அல்ல. நான்தான் சொல்லித்தரவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில். அதற்கு முன் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை படிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் அறிவிப்பதைத்தான் எங்கள் ஜனங்கள் ஓலை என்பார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஓலைக்கு முந்தின நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் உபதேசியார் முன்னால் நின்று செப மந்திரங்களை ஒப்புவிக்க வேண்டும். வெளியூர்ப் பெண்ணுக்கும் விலக்கு இல்லை. பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். தெரியவில்லை என்றால் ஓலை அடுத்த வாரம்.

அதனால் பஸ் கிருஷ்ணகிரி தாண்டியதும் செபப் புத்தகத்தை எடுத்தேன். நான் வாசிப்பது, அவள் திருப்பிச் சொல்வது என்று ஏற்பாடு. இரண்டு மந்திரம் முடிவதற்குள் ரோஸ்லின் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"விடுப்பா, நான் பாத்துக்கறேன்."

"எதைப் பாத்துக்குவே? அங்கே போன்ல பாத்துச் சொல்ல முடியாதும்மா."

"எனக்குத் தெரியும்ப்பா. நீ தூங்கு."

பிடிவாதத்தில் அப்படியே அவள் அம்மா. நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் என் பொய்யைச் சொல்லி அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் வெயில் அடிக்கிறதென்று நினைத்து ஜன்னல் துணியை இழுத்துவிட்டார்.

பகல் 11.20. திருவண்ணாமலை. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிலையத்துக்கு வெளியே இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் எண்பது ரூபாய். அங்கிருந்து விழுப்புரத்துக்கு வேறு வண்டி. வழி நெடுகக் கரும்பு. அறுவடை ஆன வயல்களில் வைக்கோலைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள்.

விழுப்புரத்திலிருந்து வில்லியனூருக்குப் பஸ் நிறைய உண்டு. ஆனாலும் ரயிலில்தான் போகவேண்டும் என்று ரோஸ்லின் பிடிவாதமாகச் சொன்னாள். காத்திருந்து மாலை வண்டியில் ஏறினோம். டிக்கெட் பத்து ரூபாய். கண்டமங்கலம் பக்கம் வண்டி மெதுவாகப் போனபோது எனக்குப் பழைய நாள் ஒன்று எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இதே தண்டவாளத்தில் எதிர்த்திசையில் லூர்துமேரியைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகி ஒன்பதாவது நாள். மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு செலியமேட்டிலிருந்து என்னோடு வந்தவள், வண்டி நகர்ந்ததும் சொன்னாள்: "அங்க எல்லாரும் இன்னா பாஷ பேசுவாங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். எனக்குக் கன்னடமும் தெரியும், தெலுங்கும் தெரியும். "ஒரு வருஷத்துல நீயும் பேசுவே" என்றேன். அவள் கடைசி வரை பேசவில்லை. காய்கறிக்காரனிடம்கூடச் செலியமேட்டுத் தமிழில்தான் பேரம் பேசினாள். கடைசியில் அவன்தான் "இன்னாம்மா, வோணுமா வோணாமா" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். அந்த நாட்களில் அவள் பேச்சைக் கேட்டு எனக்குக் கூச்சமாக இருந்ததுண்டு. இப்போது அந்தக் குரலுக்கு எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மாலை 5.25. வில்லியனூர். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பெரிய சிவன் கோயில் கோபுரம் தெரிந்தது. கடைத்தெருவில் பூக்காரிகள் முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நேரே லூர்து மாதா கோயிலுக்குப் போனோம். குளத்துப் படிக்கட்டில் இறங்கி முகம் கழுவினோம். சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம், நெற்றியில் விபூதியோடு, எங்களுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியது. இந்த ஊரில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஏற்றினேன். "தாயே, நாளைக்கு என் பிள்ளை வாயில் நீயே இரு" என்று கேட்டுக்கொண்டேன்.

சம்பந்தி வீட்டில் கல்யாணத்துக்கு முன் பெண் தங்கக்கூடாது. அதனால் பக்கத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்தோம், எழுநூறு ரூபாய்.

சனிக்கிழமை, மாலை 5 மணி. ஜெரால்டு ஆட்டோ அனுப்பியிருந்தார். கால் மணி நேரத்தில் ஊர். சின்னக் கோயில், முன்னால் கொடிமரம், வேப்பமரம். மரத்தடியில் நாற்காலி போட்டு உபதேசியார் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித்தருவதும் கோயில் காரியம் பார்ப்பதும் அவர் வேலை. கையில் நீள நோட்டு. சுற்றிலும் பாயில் பத்துப் பதினைந்து பேர், முன்வரிசையில் ஆரோக்கியமேரி.

முதலில் மாப்பிள்ளை. பரலோக மந்திரம் முடிந்தது, மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை முடிந்தது. விசுவாசப் பிரமாணத்தில் பாதி வழியில் நின்றுவிட்டார். சேதராப்பட்டுக் கம்பெனியில் நூறு பேருக்கு சூப்பர்வைசர், வேர்த்து வழிய நின்றார்.

"இன்னாடா, கரண்ட் பூட்ச்சா?" என்றார் ஆரோக்கியமேரி. பாயில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ அப்டிப் பாத்துக்கினு இருந்தா எப்டிமா வரும்? அப்பால திரும்பு."

ஆரோக்கியமேரி நிஜமாகவே திரும்பி உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு மந்திரம் வந்துவிட்டது.

அடுத்து ரோஸ்லின். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையைக் குவித்தாள். அவள் ஆரம்பித்தாள்.

என்ன சொல்வேன்! புத்தகத்தில் இருக்கும் இப்போதைய செபம் அல்ல. பழைய செபம். சர்வேசுரன் என்று சொல்லும், எங்கள் அப்பா காலத்துச் செபம். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அந்த இழுப்பு, அந்த மூச்சு விடும் இடம், எல்லாம் லூர்துமேரி. கண்ணை மூடினால் அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். உபதேசியார் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

மங்கள வார்த்தையை முடித்து ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ரோஸ்லின் ஆமென் சொல்லவில்லை. அதே ராகத்தில் தொடர்ந்தாள்:

"ஏரிக்கர நிக்கணும், மாடு கன்னு நிக்கணும், வெளிய போனவங்க வூடு வந்து சேரணும், மாதாவே, ஆமென்."

பாயில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியார் நிமிர்ந்தார். "ஏம்மா, இது எந்தப் புஸ்தகத்துல இருக்குது?"

ரோஸ்லின் முகம் சிவந்துவிட்டது. "இது மந்திரத்துல இல்லீங்களா? எங்கம்மா இப்படித்தான் சொல்லும்."

பெங்களூரில் இரண்டு அறை வீட்டில் வளர்ந்த பெண். ஏரியும் கிடையாது, மாடும் கிடையாது. இத்தனை வருஷமும் அது கோயில் செபத்தின் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறாள்.

ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தார். "இன்னாங்க சம்பந்தி, தெனம் இதான் உங்க வூட்ல சொல்றதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பொய் உண்மையாகவே ஆகிவிடும். கோயில் கதவு திறந்திருந்தது. உள்ளே பீடத்து விளக்கு தெரிந்தது. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"அம்மா, நான் இதைக் கேட்டதே இல்லை. அன்றைக்கு நான் சொன்னது பொய். எங்கள் வீட்டில் இப்போது தமிழ்ச் செபம் கிடையாது. இவள் அம்மா இருந்தபோது நான் வேலைக்குப் போய்விடுவேன். இவள் இதை எப்போது கற்றாள் என்றுகூட எனக்குத் தெரியாது."

ஆரோக்கியமேரி எழுந்தார். நான் முடிந்தது என்று நினைத்தேன்.

"எம் பெரிய பையன் பிரான்சுல கீறான்," என்றார். "அங்கியே கட்டிக்கினான். ரெண்டு பேரப் புள்ளைங்க. போன்ல வருவாங்க, பொன்ழூர் மமீம்பாங்க, வணக்கம் பாட்டின்னு அர்த்தமாம். நானும் பொன்ழூர்ம்பேன். அதோட முடிஞ்சிச்சு. அதுக்கு மேல அதுங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூஞ்சப் பாத்துக்கினு சிரிப்போம். இந்த வூட்லயாவது ஏழு மணிக்கு எங்கூட வாயத் தொறக்க ஒரு ஆளு வோணும்னுதான் கேட்டேன்."

ரோஸ்லின் தலையில் கை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னது நீங்க. அவ இல்ல. பொண்ணு எங்களுக்கு வோணும். நீங்க கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டுட்டுப் போங்க."

மறுபடி சிரிப்பு. உபதேசியார் நோட்டைத் திறந்து இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது மகளிடம் கேட்டுவிட்டேன். "ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தானே இருந்தேன்? ஒரு நாள்கூட நான் கேட்கவில்லையே."

"நீ வீட்ல இருந்தா அம்மா அந்த வரியைச் சொல்லாதுப்பா. உனக்கு முன்னாடி சொல்லக்கூடாதுன்னும் சொல்லியிருக்குது. ஏன்னு தெரியாது."

அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. என் வீட்டிலேயே, என் மனைவி வாயில், எனக்கு மட்டும் கேட்கக்கூடாத ஒரு செபம். அவள் பேச்சுக்கு நான் கூச்சப்பட்டது அவளுக்குத் தெரிந்திருக்குமோ? அதனால்தான் ஊர்ச் சொல்லை என் எதிரில் அடக்கிக்கொண்டாளோ? அவளிடம் கேட்க இனி வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணிப் பூசை. முதல் ஓலை படித்தார்கள். என் மகள் பெயரோடு "காலஞ்சென்ற லூர்துமேரி" என்று அவள் அம்மா பெயரையும் சேர்த்து வாசித்தபோது, அந்தப் பெயர் அவள் பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறதே என்று கண் கலங்கியது.

பகல் 11 மணி. பெண்ணின் தாய்மாமனுக்கு நேரில் சொல்லாமல் கல்யாண வேலை தொடங்கக்கூடாது. லூர்துமேரியின் அண்ணன் சவரிமுத்து செலியமேட்டில் இருக்கிறார். வில்லியனூரிலிருந்து பாகூர் வழியாகப் போய்வர ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய் பேசினோம். போக மட்டும் பதினாறு, பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும் என்றார் ஓட்டுநர். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல். பாகூர் ஏரி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

ஏரி நிறைந்து கிடந்தது. கரை கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும் போனது. ரோஸ்லின் கரைமேல் ஏறி நின்றாள்.

"இதான் ஏரிக்கரையாப்பா?"

"இதுதான்."

"நான் சின்னதா ஏதோ குளம்னு நினைச்சேன்." ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஓட்டுநர் கீழேயிருந்து, "இன்னாமா, ஏரிய வாங்கப் போறியா? வெல சொல்லட்டுமா?" என்றார்.

சவரிமுத்து மச்சான் வீட்டில் கோழிக்குழம்பு. மருமகளைக் கண்டதும் அவர் "தங்கச்சி மூஞ்சி அப்டியே" என்று மூன்று தடவை சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் ரோஸ்லினே கேட்டாள். "மாமா, ஏரிக்கர நிக்கணும்னு அம்மா ஒரு செபம் சொல்லுமே, உங்களுக்குத் தெரியுமா?"

"அட, அத்த பெங்களூர்ல போயும் சொல்லிக்கினு இருந்துச்சா?" மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐப்பசி கார்த்திகையில அட மழ பேயும். கர ஒடையாம பாத்துக்க வூட்டுக்கு ஒரு ஆம்பள காவலுக்குப் போவணும். ராவெல்லாம் கரையிலதான் கெடக்கணும். நாங்க போனப்புறம் வூட்ல பொம்பளைங்க செபத்துல அத்தச் சேத்துக்குவாங்க."

நான் கேட்டேன், "மச்சான், ஆள் வீட்டில் இருந்தால் சொல்ல மாட்டார்களா?"

"ஊகூம், சொல்லவே கூடாது. ஆளு எதிர்க்க குந்திக்கினு இருக்கும்போது அவன் வந்து சேரணும்னு செபம் பண்ணா நல்லா இருக்குமா? மறுநாளு அவன் கெளம்பும்போது மனசு சங்கடப்படும் இல்ல? காவலுக்குப் போனவன் காதுல அது வுழவே கூடாது. நானே அத்த முழுசாக் கேட்டதில்லன்னா பாத்துக்க. இப்பதான் இவ சொல்லிக் கேக்கறேன்."

நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருஷம். ஏழு மணிக்கு நான் இயந்திரத்தின் முன்னால் நின்றிருப்பேன். வீட்டில் அவளும் சின்னப் பெண்ணும் முழங்காலில். ஏரி இல்லாத ஊரில் ஏரிக்கரையையும், மாடில்லாத வீட்டில் மாட்டையும் விட்டுவிடாமல் சொல்லி, கடைசியில் என்னிடம் வந்திருக்கிறாள். அந்தத் தொழிற்சாலைதான் அவளுக்கு ஏரிக்கரை. பதினொரு மணிக்கு நான் கதவைத் தட்டும்போது அவள் ஒன்றும் கேட்டதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள். சாப்பாட்டுக்கு என்று நினைத்திருந்தேன்.

"எப்போ வரைக்கும் சொன்னே?" என்று மகளைக் கேட்டேன்.

"நீ ரிட்டயர் ஆகற வரைக்கும்ப்பா. அம்மா போனப்புறம் மனசுக்குள்ளதான்."

திங்கட்கிழமை, காலை 8.40. வில்லியனூர் நிலையத்தில் ரயிலுக்கு நின்றோம். ஆரோக்கியமேரி வழியனுப்ப வந்திருந்தார். மாமா சொன்ன காவல் கதையை ரோஸ்லின் அவரிடம் சொன்னாள். கையில் ஒரு தூக்கில் இட்லி, ஒரு பாட்டிலில் மாதா குளத்துத் தண்ணீர். வண்டி நகர்ந்ததும், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் பேசுவதுபோல, "ஒரு வருஷத்துல நீயும் பேசுவேன்னு சொன்னேன், மன்னிச்சுக்கோ" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் தமிழ் அவள் பேசாமல் விட்ட கன்னடத்தினால் தங்கியது. நான் நாலு பாஷை பேசினேன். அவள் ஒன்றை வைத்துக்கொண்டு எங்களைக் காவல் காத்தாள்.

கிருஷ்ணகிரிக்கு அப்பால் சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததால் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டோம். வீட்டுக் கதவைத் திறக்கும்போது இரவு 8.15. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் போன் அடித்தது. சம்பந்தியம்மா.

"வூடு சேந்துட்டீங்களா?"

"இப்பதான் கதவைத் திறக்கிறோம்மா."

"அப்ப சரி. ஏழு மணிக்கு உங்க ரெண்டு பேருக்காவும் அத்தச் சொன்னோம். ஏரிக்கரைய மட்டும் வுட்டுட்டேன், எங்கூர்ல ஏது ஏரி? சரி, வெச்சிடறேன். நாளைக்கு சொல்ல வோணாம் இல்ல?"

"வேண்டாம்மா," என்றேன். "வந்து சேர்ந்துட்டோம்."